துகளுக்கு அறிவு உண்டா?

"புற்றுக் கட்டியைத் தேடிப் போய் மருந்தைக் கொட்டும் அறிவுள்ள துகள்" என்று செய்தித்தாள்கள் அடிக்கடி எழுதுகின்றன. மாணவ நண்பர்களே, இந்தப் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. துகள் எதையும் தேடுவதில்லை. இரத்தம் கொண்டுபோகும் இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான்.

நெஞ்செரிச்சலுக்குப் பாட்டி விழுங்கும் பாண்டோப்ரசோல் மாத்திரையைப் பாருங்கள். இம்மருந்து அமிலம் பட்டால் சிதைந்துவிடும். ஆகவே அதன்மேல் பாலிமர் பூச்சு ஒன்று உண்டு. பெரும்பாலும் அது மெதக்ரிலிக் அமிலம் கலந்து செய்யப்படுவது. இரைப்பையின் கடும் அமிலத்தில் பாலிமர் சங்கிலிகள் மின்னூட்டமின்றி நெருங்கிக் கிடக்கும், கரையா. சிறுகுடலில் பி.எச். அளவு சுமார் 5.5-ஐத் தாண்டியதும் அவை ஹைட்ரஜன் அயனிகளை இழந்து எதிர்மின்னூட்டம் பெறும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கரையும். மருந்து வெளிவரும். (மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் இந்த ஏற்பாடு முழுவதும் வீண்!) இத்தகைய பூச்சுகள் 1950-களிலேயே வந்துவிட்டன. அவற்றை யாரும் அறிவாளி என்று புகழவில்லை.

நானோ துகளிலும் வேதியியல் இதே வகைதான். ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடிலிருந்து செய்யும் ஒரு பாலிமர் 32 டிகிரி செல்சியசுக்குக் கீழே நீரை உறிஞ்சி உப்பி நிற்கும். அதற்கு மேலே நீரைக் கக்கிச் சுருங்கும். சோதனைக் குழாயில் இதைப் பார்ப்பது உண்மையிலேயே அழகான காட்சி.

ஆனால் உடல் சோதனைக் குழாயன்று. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்தாண்டு கால ஆய்வறிக்கைகளைத் தொகுத்து 2016-இல் ஒரு கணக்கு வெளியிட்டனர். ஊசியில் ஏற்றிய நானோ துகள்களில் கட்டியை அடைந்தவை, இடைநிலை அளவாக, 0.7 சதவீதம். ஆயிரத்துக்கு ஏழு! கல்லீரலும் மண்ணீரலும் ஏராளமானவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. அதுவும் பெரும்பாலும் எலிகளில் கண்ட கணக்கு.

மனிதரிடமும் பார்த்தாயிற்று. சுமார் 40 டிகிரியில் மருந்தை விடும் கொழுப்புக் குமிழி ஒன்றைக் கல்லீரல் புற்றுநோயாளிகள் 701 பேர் பங்கேற்ற சோதனையில் ஆராய்ந்தனர். நோய் முற்றுவதை அது தள்ளிப்போடவில்லை என்பது 2013-இல் தெரிந்தது.

ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எலியில் கண்டதை எலியில் கண்டது என்றே அச்சிடுங்கள் என்கிறேன். அந்தச் செய்தியைக் கத்தரித்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடும் குடும்பங்கள் இருக்கின்றன. திறக்கும் பூட்டைச் செய்துவிட்டோம். வாசலுக்குக் கொண்டு சேர்ப்பதுதான் பாக்கி. பாட்டியின் மாத்திரைக்கு அந்தத் தொல்லை இல்லை. விழுங்கினால் அது குடலுக்குப் போயே தீர வேண்டும், வேறு வழி கிடையாது.