வெண்ணெய் மரமும் வட்டிக் கடனும்

ஸஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே, மேற்கில் ஸெனகல் முதல் கிழக்கில் உகாண்டா வரையில், ஒரு விசித்திரமான மரம் வளர்கிறது. ஷியா மரம் என்பது அதன் பெயர். அதற்கு யாரும் தோட்டம் போடுவதில்லை. உழுத வயல்களின் நடுவே தானே முளைத்ததை வெட்டாமல் விட்டுவைக்கிறார்கள். பூத்துக் காய்க்கப் பதினைந்து இருபது வருஷம் ஆகிறது. 1796-ல் அந்தப் பிரதேசத்தில் யாத்திரை செய்த ஸ்காட்லாந்துக்காரர் மங்கோ பார்க், அதன் கொட்டையிலிருந்து எடுத்த வெண்ணெயை ருசி பார்த்துவிட்டு, பசு வெண்ணெயும் இதற்கு ஈடாகாது என்ற பொருள்படத் தம் நூலில் எழுதி வைத்தார்.

இன்று அவ்வெண்ணெய் சீமான்களின் முகப்பூச்சிலும் ஐரோப்பியச் சாக்லேட்டிலும் சேருகிறது. ஆனால், அதைத் தயாரிக்கும் ஸ்திரீகளின் நிலைமை என்ன?

விடியற்காலையில் எழுந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்குவதும், கொட்டைகளை வேகவைத்து, உலர்த்தி, உடைத்து, பருப்பை வறுத்து அரைப்பதும், அரைத்த விழுதைத் தண்ணீர் விட்டுக் கைவலிக்கப் பிசைவதும் அவர்களே. ஒரு கிலோ வெண்ணெய்க்கு ஏறக்குறைய மூன்று கிலோ பருப்பு வேண்டும். இவ்வளவு உழைத்தும் கையில் காசு தங்குவதில்லை.

காரணம் வெகு சுலபமானது. பழம் உதிர்வது சுமார் மே மாதம் முதல் ஆகஸ்டு வரையில். முந்தின வருஷத்துத் தானியம் தீர்ந்து, புதுத் தானியம் வீடு வந்து சேராத காலமும் அதுவேதான். குழந்தைகள் பசியால் அழும்போது கொட்டையைச் சேர்த்து வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்க எந்தத் தாயால் முடியும்? வியாபாரி முன்பணம் கொடுக்கிறான். தான் சொன்ன விலைக்கு மூட்டையைத் தூக்கிச் செல்கிறான். சில மாதங்கள் கழித்து விலை ஏறினால், அந்த லாபம் அவனுடையது. பாங்கிக்குப் போகலாமென்றால், நிலப் பத்திரம் எங்கே என்று கேட்பார்கள். நிலமோ பெரும்பாலும் புருஷன் வீட்டாருடையது.

ஆகவே, இங்கே வேண்டியது பெருங்கடன் அன்று. காலத்தில் வரும் சிறுகடன் என்பதே நமது அபிப்பிராயம். 1991-ல் நைஜர் தேசத்தில், கேர் என்ற ஸ்தாபனத்தின் முயற்சியால், கிராமத்து ஸ்திரீகள் கூடிச் சேமிக்கும் சங்கங்கள் தோன்றின. நம் ஊர்ச் சீட்டுக்குச் சற்று உறவான ஏற்பாடு. பணம் ஒரு பெட்டியில். அதற்கு மூன்று பூட்டுகள். மூன்று சாவிகளும் மூன்று பேரிடம். வட்டியும் வெளியே போகாமல் அங்கத்தினருக்கே திரும்புகிறது. இம்முறை பின்னர் ஆப்பிரிக்காவின் பல தேசங்களுக்கும் பரவியது.

அரைக்கும் யந்திரத்துக்குக் கடன் கொடுப்பதும் நல்லதே. ஆனால் பருவத்தில் மட்டும் வரும் வருமானத்துக்கு மாதந்தோறும் தவணை விதித்தால், கடன் சுருக்குக் கயிறாகிவிடும். வாங்குவோர் இன்னாரென்று நிச்சயமாகாமல் வெண்ணெய் திரட்டினாலும் நஷ்டமே மிஞ்சும்.

கொட்டையை அப்படியே அயல்நாட்டுக்கு அனுப்பாமல் சொந்த மண்ணிலேயே வெண்ணெயாக்க வேண்டும் என்று, 2024-ல் புர்கினா பாஸோ சர்க்காரும், 2025 ஆகஸ்டில் ஆறு மாதத்துக்கென்று நைஜீரிய சர்க்காரும் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. நோக்கம் சிலாக்கியமானது; சுதேசிக் கைத்தொழிலை விரும்பும் எவரும் அதைக் குறை கூறார். எனினும், தடை உத்தரவை ஒரே நாளில் எழுதிவிடலாம். ஆலையும் மூலதனமும் ஒரே நாளில் முளைத்துவிடுமா? வாங்குவோர் குறைந்தால் கொட்டை விலை சரியும். அந்தச் சரிவு முதலில் விழுவது பழம் பொறுக்கும் ஸ்திரீயின் தலைமேல்தான்.

நன்கு உலர்த்திய பருப்பு பல மாதம் கெடாது. சங்கத்தின் கிடங்கில் அதைப் பூட்டி வைத்து, அந்த மூட்டையின் பேரில் அவளுக்குப் பசிக்காலத்தில் கொஞ்சம் பணம் கொடுத்தால் போதும். விலை ஏறும் வரையில் அவள் காத்திருப்பாள். ஈடு எங்கே என்று கேட்கும் பாங்கிக்காரர்கள் கிடங்குக் கதவைத் திறந்து பார்க்கட்டும்.