மலைக்குப் போவோரும் மலையில் இருப்போரும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு பாதைகள்: 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பிரதான சாலை, மற்றொன்று குப்பனூர் வழி. பிரதான சாலையில் 2024 ஏப்ரல் 30 அன்று தனியார் பஸ் ஒன்று கவிழ்ந்து உயிர்கள் பலியாயின. மழையில் அங்கே மண் சரிந்தால் வண்டிகளெல்லாம் குப்பனூர் பக்கம் திருப்பப்படுகின்றன. அதுவும் மலைதான், அங்கும் பாறை உருளும்.

மலைக்காற்று சீமான்களின் சொத்தல்ல. ஆலையில் பஞ்சுத் தூசியை விழுங்கும் தோழனுக்கும் அதில் உரிமையுண்டு. ஆனால் 2018 மார்ச் 11-ஐ மறக்கலாகாது. தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள்; 23 பேர் மாண்டனர். கோடையில் காய்ந்த புல்லில் பற்றிய தீ, மேட்டை நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். உதவிக்கு முதலில் ஓடிவந்தவர்கள் யார்? பக்கத்து ஏழை ஜனங்கள்!

2024 அக்டோபரில் சர்க்கார் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, மலைவாழ் இளைஞர்களை வழிகாட்டிகளாக்கியது. வரவேற்கிறோம். ஆனால் ஆள் வரும் நாளில் மட்டும் கூலி என்றால் அடுப்பெரியுமா? அவர்களுக்கு மாதச் சம்பளமும் விபத்து இன்ஷூரன்ஸும் வேண்டும். குப்பனூர் சாலைக்குத் தடுப்புச் சுவர் வேண்டும், அடுத்த மழைக்கு முன்பே!