ஈரம் மட்டும் போதுமா?



சேலம், நாமக்கல் சமவெளியில் கோடை வெப்பத்தைப் பகலெல்லாம் உறிஞ்சும் கான்கிரீட் தளம், இரவில் அதை அறைக்குள் உமிழ்கிறது. தரையில் நீர் தெளித்தால் வெப்பம் தணியும். ஆனால் சன்னல்களை அடைத்துவிட்டால், ஈரம் மிகுந்த காற்றில் வியர்வை உலராது. முதியோரும் கைக்குழந்தைகளுமே முதலில் துன்புறுவர்.

நாமக்கல் கோழிப்பண்ணைகளைக் கவனியுங்கள். வியர்வைச் சுரப்பி இல்லாத கோழி, மூச்சிரைத்தே வெப்பத்தைப் போக்கும். ஆதலால் பல கொட்டகைகளின் பக்கங்களைக் கம்பிவலையிட்டுத் திறந்தே வைக்கின்றனர்.

மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வீட்டுக் கட்டட நெறிமுறையும், கூரைவழி இறங்கும் வெப்பத்துக்கு உச்சவரம்பும் திறக்கும் சன்னல் பரப்புக்குக் குறைந்தபட்ச அளவும் வகுத்துள்ளது.

தளத்துக்கு வெண்சுண்ணாம்பு பூசுங்கள். பகலில் வெயில்படும் சன்னலை மூடி, இரவில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். கோழிக்குக் கொடுக்கும் காற்றை நம் குழந்தைக்கு மறுக்கலாமா?