எமது பாடசாலை யாருக்குரியது?

கடந்த மாதம் நான் கற்பிக்கும் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழுந்து பேசினார். "எங்கட புள்ளைகளுக்கே கிளாஸ்ல இடம் போதாம இருக்கு. இது முஸ்லிம் பாடசாலை. அடுத்த வருசத்துல இருந்து வெளிப் புள்ளைகள எடுக்கிறத குறைச்சா என்ன?" என்று கேட்டார். 'வெளிப் பிள்ளைகள்' என்று அவர் குறிப்பிட்டது பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து பஸ் ஏறி வரும் மலையகத் தமிழ் மாணவர்களை. பலர் தலையாட்டினார்கள். சிலர் கைதட்டினார்கள். அதிபர் விடயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்.

அந்தத் தகப்பனை நான் குறை சொல்லவில்லை. அவருடைய மகள் நாற்பத்தைந்து பேர் இருக்கும் வகுப்பில் படிக்கிறாள். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் அவர் சொன்ன தீர்வு தவறானது என்பது என் கருத்து. இதே பேச்சு எமது பாடசாலையில் மட்டுமல்ல, முஸ்லிம்கள் சிறு தொகையாக வாழும் வேறு நகரங்களிலும் எழக்கூடியது என்பதால் இதனை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஸ்பிரிங்வெளியில். நமுனுகுல மலைப்பக்கம் ஏறும் பாதையில் தோட்டத்துக் கடைத்தெருவில் வாப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. லயத்து மக்கள் அதை 'நானா கடை' என்பார்கள். மாதச் சம்பளம் கிடைக்கும் வரைக்கும் கடன் கொப்பியில்தான் அரிசியும் மாவும் போகும். ஐந்தாம் ஆண்டு வரை நான் படித்தது தோட்டத்துப் பாடசாலையில். முழுப் பாடசாலையிலும் முஸ்லிம் பிள்ளைகள் நாங்கள் நான்கு பேர். ஆறாம் ஆண்டுக்கு நகரத்தில் ஒரு முஸ்லிம் பாடசாலைக்கு வந்தேன். என்னோடு ஒரே வாங்கில் இருந்த மூன்று பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் நகரத்துத் தமிழ்ப் பாடசாலைக்குப் போனாள். மற்ற இருவரும் சாதாரண தரத்தைக்கூட எட்டவில்லை. பின்னர் எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்ததும், கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றதும், முதல் எட்டு வருடங்கள் தோட்டப் பாடசாலையொன்றிலேயே கற்பித்ததும் என்னை மறுபடி அந்த வாங்குகளுக்கு அருகில் கொண்டு வந்தன.

பதுளை நகரில் காலை ஏழு மணிக்கு பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் ஒரு விடயம் விளங்கும். ஒரே பஸ்ஸில் ஒன்றாக வந்திறங்கும் பிள்ளைகள் மூன்று திசைகளில் பிரிந்து போகிறார்கள். சிங்களப் பிள்ளைகள் ஒரு பக்கம், தமிழ்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், எமது பிள்ளைகள் ஒரு பக்கம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் சிங்களவர் ஏறத்தாழ 73 வீதம், மலையகத் தமிழர் 18 வீதம், முஸ்லிம்கள் 5 வீதத்தைச் சற்றுத் தாண்டுவர். சந்தையிலும் ஆஸ்பத்திரியிலும் கலந்திருக்கும் இந்த மக்கள் பாடசாலையில் மட்டும் பிரிந்திருக்கிறார்கள்.

இந்தப் பிரிவு ஆதியில் இருந்து வந்ததல்ல. 1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. அதே காலத்தில் தாய்மொழிக் கல்வியும் ஆரம்ப வகுப்புகளில் கட்டாயமாகி, படிப்படியாக மேல் வகுப்புகளுக்கு ஏறியது. இரண்டும் பெரும் நன்மைகள். ஆங்கிலம் தெரியாத ஏழையின் பிள்ளை படித்து முன்னேற வழி பிறந்தது அவற்றால்தான். ஆனால் சிங்களப் பிள்ளை சிங்களத்திலும் தமிழ்ப் பிள்ளை தமிழிலும் படிக்க வேண்டும் என்றானபோது, இருவரும் சந்திக்கும் வகுப்பறை இல்லாமல் போனது. மொழியைத் தெரிவு செய்யும் உரிமை முஸ்லிம்களுக்கு இருந்தது. நாம் பெரும்பாலும் தமிழைத் தெரிவு செய்தோம். 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அதன் பின்னர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த காலங்களில் முஸ்லிம் பாடசாலைகள் பெருகின. முஸ்லிம் ஆசிரியர் நியமனங்களும் கூடின. எமது பெண் பிள்ளைகள் பருவமடைந்த பிறகும் பாடசாலைக்கு வரத் தொடங்கியதில் இந்தப் பாடசாலைகளுக்குப் பெரும் பங்குண்டு. என் உம்மா ஐந்தாம் ஆண்டோடு நின்றவர், நான் ஆசிரியை. இந்த நன்றியை மறந்துவிட்டு முஸ்லிம் பாடசாலைகளே வேண்டாம் என்று பேச நான் வரவில்லை.

தோட்டப் பிள்ளைகளின் கதை வேறு. இலவசக் கல்வி நாடு முழுவதும் பரவிய காலத்தில் அவர்களது பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அந்தப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு தலைமுறை தாமதம். இன்றும் தோட்டப் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை உயர்தர வகுப்பு இல்லாதவை. விஞ்ஞானப் பிரிவில் படிக்க விரும்பும் பிள்ளை நகரத்துக்குத்தான் வர வேண்டும். அந்தப் பிள்ளை தமிழ்மொழி மூலம் படிக்கக்கூடிய கதவுகள் நகரத்தில் சிலதான் உண்டு. அவற்றில் ஒன்று எங்களுடையது.

'முஸ்லிம் பாடசாலை முஸ்லிம்களுக்கே' என்பது எமது முன்னோரின் வழியுமல்ல. 1892இல் அறிஞர் சித்திலெப்பை, ஒராபி பாஷாவின் ஆதரவோடும் வாப்பிச்சி மரிக்காரின் பங்களிப்போடும் மருதானையில் தொடங்கிய கல்விக்கூடமே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. டி.பி. ஜாயா 1921 முதல் 1948 வரை அதன் அதிபர். அவருக்குப் பின் ஏ.எம்.ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிம் அவர். அந்தப் பதவியை விட்டுவிட்டு ஸாஹிராவுக்கு வந்தார். அந்த ஸாஹிராவில்தான் வடமராட்சியில் இருந்து வந்த கார்த்திகேசு சிவத்தம்பி மாணவராகப் படித்தார்; பின்னர் ஆசிரியராகவும் பணியாற்றினார். தமிழுலகம் போற்றும் அந்தப் பேராசிரியர் உருவானதில் எமது கல்லூரிக்கும் ஒரு பங்கு உண்டென்று இன்று பெருமையாகச் சொல்கிறோம். அன்று யாராவது 'வெளிப் பிள்ளை' என்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால்?

மூன்று சமூகமும் ஒரே மதிலுக்குள் படிக்கும் அரச பாடசாலைக்கு இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் கொழும்பு ரோயல் கல்லூரி. 1835இல் ஒரு சிறு தனியார் பாடசாலையாகத் தொடங்கி, மறு வருடம் அரசின் கொழும்பு அக்கடமியாகி, 1881இல் ரோயல் என்ற பெயரைப் பெற்றது. சிங்கள, தமிழ் மொழி மூல வகுப்புகள் அங்கே உண்டு. தமிழ்மொழி மூல வகுப்பில் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒன்றாக அமர்கிறார்கள். மொழி காரணமாக வகுப்புகள் பிரிந்தாலும் விளையாட்டு மைதானமும் பாடசாலைக் கீதமும் ஒன்றுதான். நாட்டில் 10,000க்கும் மேற்பட்ட அரச பாடசாலைகள் இருந்தும் இப்படிப்பட்டவை மிகச் சில என்பதுதான் துயரம். தற்போது பிரதமரும் கல்வி அமைச்சருமான ஹரிணி அமரசூரியவின் கீழ் நடைபெறும் கல்விச் சீர்திருத்தம் பற்றிய விவாதங்களில் பாடத்தொகுதி, பாட நேரம், பரீட்சை என்று நிறையப் பேசுகிறோம். யாருக்குப் பக்கத்தில் யார் அமர்ந்து படிப்பது என்ற கேள்வியை நாம் கேட்பதே குறைவு.

எமது பாடசாலையில் அது ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அரைகுறையாக. நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. அப்போது எமது தமிழ் மாணவர்கள் வீட்டில் இருக்க, அவர்களது தம்பி தங்கைகள் தோட்டப் பாடசாலைக்குப் போகிறார்கள். மற்றப் பாடசாலைகளுக்குத் தவணை விடுமுறை வரும்போது இவர்கள் மட்டும் வெள்ளை உடுப்போடு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக நேரத்தோடு பாடசாலை விட்டால் அவர்களுக்கான பஸ் வர மணிக்கணக்காகும். இவற்றையெல்லாம் அவர்கள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் ஒன்றை ஏற்க முடியாது. சாதாரண தரத்தில் சமயம் கட்டாய பாடம். சைவநெறி கற்பிக்க எங்களிடம் ஆசிரியர் இல்லை. இஸ்லாம் பாட நேரத்தில் அந்தப் பிள்ளைகள் நூலகத்தில் தாங்களாகவே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். சிங்களப் பாடசாலையில் எமது பிள்ளைக்கு இஸ்லாம் ஆசிரியர் இல்லையென்றால் நாம் என்ன பேசுவோம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி இடப்பற்றாக்குறைக்கு வருவோம். ஆசிரியர் ஒதுக்கீடு மாணவர் தொகையைப் பொறுத்தது. எமது கீழ் வகுப்புகளில் நெருக்கடி இருப்பது உண்மை. ஆனால் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளில் நிலைமை நேர்மாறு. மாவட்டத்தில் 5 வீதமான ஒரு சமூகத்தின் பிள்ளைகளை மட்டும் வைத்து ஒரு பௌதிகவியல் வகுப்பை வருடாவருடம் நிரப்ப எங்களால் முடியாது. இன்று அந்த வகுப்பில் இருப்பவர்களில் பாதிப் பேர் தோட்டப் பிள்ளைகள். அவர்களை நிறுத்தினால் அடுத்த இரண்டு வருடங்களில் அந்தப் பிரிவுக்கு ஆசிரியர் கேட்டு வலயக் கல்விப் பணிமனையின் படியேற எமக்கு முகமிருக்காது. பிறகு எமது பிள்ளைகளே விஞ்ஞானம் படிக்க வெளியூர் போக வேண்டி வரும். ஆகவே கதவைத் திறந்து வைப்பது நாம் செய்யும் தர்மம் என்று மட்டும் எண்ண வேண்டாம். எமது பாடசாலை எமக்கே பயன்பட அதுதான் வழி. கட்டடம் போதாதென்றால் கட்டடம் கேட்போம். அதையும் அதிகமான பிள்ளைகளைக் காட்டித்தான் கேட்க முடியும்.

சில பெற்றோரின் பயம் இடம் சம்பந்தப்பட்டதல்ல. 'எமது ஒழுக்கம், எமது சூழல் கெட்டுவிடுமோ' என்பதுதான் அவர்கள் வெளியே சொல்லாத கவலை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எம்மைச் சந்தேகத்தோடு பார்த்த கண்களை நாம் மறக்கவில்லை. ஒதுங்கி இருப்பதே பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எனது அனுபவம் வேறாக இருந்தது. அந்த வருடம் வெசாக் மாதத்தில் நான் அபாயாவோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஆசனம் காலியாகவே இருக்கும். அதில் வந்து அமர்ந்தவர்கள் நான் கற்பித்த தோட்டத்துப் பிள்ளைகளின் தாய்மார். அவர்கள் என்னை அறிந்திருந்தார்கள், அவ்வளவுதான். அறியாதவர்களிடம் அந்தத் தைரியத்தை எதிர்பார்க்க முடியாது. பிரிந்த பாடசாலைகள் வளர்ப்பது அந்த அறியாமையைத்தான்.

2018இல் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவதற்கு எதிர்ப்பு எழுந்தது. 2022இல் மீண்டும் பிரச்சினையானது. அது அரச பாடசாலை, எமது சகோதரிகளுக்கு அங்கே உரிமை உண்டு என்று நாம் எல்லோரும் எழுதினோம், பேசினோம். சரியாகத்தான் பேசினோம். 'இது இந்துப் பாடசாலை, எங்கள் பாரம்பரியம்' என்று அன்று மறுதரப்பு சொன்ன வாதத்தையே இன்று 'இது முஸ்லிம் பாடசாலை' என்று நாம் சொல்லப் போகிறோமா? வாங்கும்போது ஒரு அளவு, கொடுக்கும்போது வேறு அளவு என்பதை எமது மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும்.

உலகத்தில் வேறு இடங்களிலும் இதே சிக்கல் உண்டு. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தினரும் மோதிக்கொண்ட வட அயர்லாந்தில், மோதல் உச்சத்தில் இருந்த 1981இல், பெற்றோர் சிலர் சேர்ந்து லகான் கல்லூரியை ஆரம்பித்தார்கள். முதல் நாள் வந்தவர்கள் 28 பிள்ளைகள். இன்று அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள். ஆனாலும் நாற்பது வருடங்கள் கடந்தும் அந்நாட்டு மாணவரில் பத்தில் ஒரு பங்கினர்கூட இத்தகைய கலப்புப் பாடசாலைகளில் இல்லை. பிரிந்ததை மீண்டும் சேர்ப்பது அவ்வளவு கடினம். எங்களிடம் ஏற்கனவே கலந்திருக்கும் வகுப்புகளை நாமே பிரித்துவிட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து பேச நான் தீர்மானித்திருக்கிறேன். மூன்று விடயங்களைக் கேட்பேன். ஒன்று, அனுமதியில் சுற்றறிக்கை சொல்லும் தகுதியைத் தவிர வேறு அளவுகோல் வேண்டாம். இரண்டு, சைவநெறி ஆசிரியர் ஒருவரை வழங்கும்படி வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதும் கடிதத்தில் முதல் கையெழுத்தை முஸ்லிம் பெற்றோரே இடட்டும். மூன்று, அபிவிருத்திச் சங்க நிர்வாகக் குழுவில் தோட்டப் பெற்றோர் இருவருக்கு இடம் தரட்டும். இவற்றுக்குக் கட்டடமும் தேவையில்லை, அமைச்சரும் தேவையில்லை.

வாப்பா மரணித்தபோது ஸ்பிரிங்வெளியில் ஜனாஸாவுக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் லயத்து மக்கள். கடையின் கடன் கொப்பியில் தீராத கணக்குகள் இருந்தன. அவற்றைக் கேட்க வேண்டாம் என்று வாப்பா உம்மாவிடம் சொல்லியிருந்தார். ஆனால் மூன்று மாதங்களுக்குள் ஏறத்தாழ எல்லோரும் தாங்களாகவே வந்து கட்டிவிட்டுப் போனார்கள். அப்படி வந்து கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று எங்கள் வகுப்பறையில் இருக்கிறார்கள். அவர்களை 'வெளிப் பிள்ளைகள்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.