டெட்ராய்ட் சகோதரர்களின் 33 ஆண்டு மௌனம்

சிகாகோ நகரைச் சேர்ந்த 'டிராக் சிட்டி' என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனம் 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏழு பாடல்கள் அடங்கிய தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. பாடல்களைப் படைத்தவர்கள் டெட்ராய்ட் நகரின் கறுப்பினச் சகோதரர்கள் மூவர்: டேவிட், பாபி, டேனிஸ் ஹாக்னி. குழுவின் பெயர் 'டெத்', அதாவது மரணம். பதிவான ஆண்டு 1975. பங்க் என்று உலகம் பின்னர் அறிந்த, வேகமும் சினமும் மிக்க இசையின் தொடக்கமாகக் கூறப்படும் ரமோன்ஸ் குழுவின் முதல் தொகுப்பும், லண்டனின் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டும் 1976-இல்தான் வெளிவந்தன. 'மறக்கப்பட்ட குழு கண்டுபிடிக்கப்பட்டது' என்று அமெரிக்கப் பத்திரிகை உலகம் மகிழ்ந்தது.

கண்டுபிடிப்பு என்ற சொல்லை ஐயத்தோடுதான் அணுக வேண்டும். கொலம்பஸ் 'கண்டுபிடித்த' கண்டத்திலும் மக்கள் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டுதான் இருந்தனர். மேலும், மறக்கப்படுவதற்கு ஒருவர் முதலில் அறியப்பட்டிருக்க வேண்டும். ஹாக்னி சகோதரர்கள் அறியப்படவே இல்லை. ஏன் என்ற கேள்விக்கு விடை அவர்களுடைய நகரிலும், அவர்களது இசையை விலை பேசிய சந்தையிலும் இருக்கிறது.

டெட்ராய்ட் மோட்டார் வாகனத் தொழிலாளர்களின் நகரம். தெற்கு மாநிலங்களின் பருத்தி வயல்களை விட்டு வெளியேறிய கறுப்பின மக்களை அதன் ஆலைகள் ஈர்த்துக்கொண்டன. சூடும் புகையும் ஆபத்தும் மிகுந்த பிரிவுகளை அவர்களுக்கு ஒதுக்கின. 1967 ஜூலையில் காவல்துறை அடக்குமுறைக்கு எதிராக அந்நகரம் கொதித்தெழுந்தபோது 43 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். மறு ஆண்டு டாட்ஜ் ஆலையில் கறுப்பினத் தொழிலாளர்கள் தமக்கெனப் புரட்சிகரச் சங்க இயக்கத்தைத் தொடங்கினர். நிர்வாகத்தை மட்டுமன்றி, இனப்பாகுபாட்டைக் கண்டும் காணாதிருந்த சங்கத் தலைமையையும் அது எதிர்த்தது. பிற ஆலைகளிலும் அத்தகைய அமைப்புகள் தோன்றி, 1969-இல் புரட்சிகரக் கறுப்பினத் தொழிலாளர் கழகமாக ஒன்றிணைந்தன. 1971-இல் அக்கழகம் பிளவுண்டது. 1973-இன் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து ஆட்குறைப்பு அலை வீசியது. இந்தச் சூழலில், தாயின் அனுமதியோடு வீட்டுப் படுக்கையறை ஒன்றில் பயிற்சி செய்த இளைஞர்களே இம்மூவரும்.

அந்நகருக்கு வேறொரு ஆலையும் இருந்தது. லிங்கன்-மெர்க்குரி தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி 1959-இல் நிறுவிய மோட்டவுன், கார்களைப் பூட்டும் ஒழுங்கில் பாடல்களையும் பாடகர்களையும் உருவாக்கி உலகெங்கும் விற்றது. 1972-இல் அதுவும் டெட்ராய்ட்டை விட்டு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பெயர்ந்தது. ஆனால் கறுப்பின இளைஞர் என்றால் இன்ன இசைதான் பாட வேண்டும் என்று அது உலகுக்கு ஏற்படுத்திய பழக்கம் மட்டும் நகரிலேயே தங்கிவிட்டது. பழக்கத்தின் வேர் இன்னும் ஆழமானது. 1920-களிலேயே அமெரிக்க இசைத்தட்டு முதலாளிகள் கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளை 'இனத் தட்டுகள்' எனத் தனிப் பட்டியலிட்டு விற்றனர். 1949-இல் 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று பெயர் மாறியது. தடுப்புச்சுவர் அப்படியே நின்றது. ராக் இசை பெருமளவு கறுப்பின இசைஞர்களின் உழைப்பிலிருந்து பிறந்தது. ஆயினும் எழுபதுகளில் அது வெள்ளையரின் சொத்தாகப் பதிவாகிவிட்டிருந்தது. வெள்ளையர் ராக்குக்கு ஒரு வானொலி, கறுப்பினத்தவர் நடன இசைக்கு மற்றொன்று. ஹாக்னி சகோதரர்களை எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரனுக்குத் தெரியவில்லை. வைக்க இடமில்லாத பண்டம் சந்தையைப் பொறுத்தவரை பண்டமே அன்று.

இருந்தும் ஒரு வாய்ப்பு வந்தது. பெரிய இசைத்தட்டு நிறுவனம் ஒன்றின் தலைவர் பதிவுகளில் ஆர்வம் காட்டினார். நிபந்தனை ஒன்றே ஒன்று: குழுவின் பெயரை மாற்ற வேண்டும். மூத்தவரான டேவிட் மறுத்தார். தந்தையை விபத்தொன்றில் இழந்த பின் அவர் வைத்த பெயர் அது. சாவைக் கண்டு அஞ்சாமல் அதை வேறு கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஒப்பந்தம் கைநழுவியது. பதிவு செய்தவற்றுள் இரு பாடல்களை மட்டும் சகோதரர்களே 1976-இல் சொந்தச் செலவில் ஐந்நூறு தட்டுகளாக அச்சிட்டனர். வானொலி நிலையங்கள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

அதை வறட்டுப் பிடிவாதம் என்பவர் உண்டு. பெயரில் என்ன இருக்கிறது என்ற கேள்வி, வீட்டு வாடகைக்கு வழியில்லாத குடும்பத்தில் எழாமலும் இராது. இளைய சகோதரர்களுக்கே அந்த மறுப்பு எளிதாக இருக்கவில்லை. ஆனால் பெயரை விற்றால் அடுத்து எதை விற்கச் சொல்வார்கள் என்பது டேவிடுக்குத் தெரிந்திருந்தது. கலைஞனின் படைப்பாற்றலை மட்டும் வாங்குவதாக எந்த நிறுவனமும் நிறுத்திக்கொள்வதில்லை.

அத்தட்டின் முதற்பாடல் அரசியல்வாதிகளைச் சாடுகிறது: பொய்யுரைத்துப் பதவி தேடுகிறார்கள், இளைஞர்களைச் சாவுக்கு அனுப்புகிறார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. வியட்நாம் போர் முடிந்தும் முடியாத காலம் அது. பாடலில் வர்க்கம் என்ற சொல் இல்லை, முதலாளி இல்லை, எல்லா அரசியல்வாதிகளும் ஒன்று என்ற தொனியே உள்ளது. இயக்கத்தில் இருப்பவருக்கு அத்தொனி நெருடும். இது அராஜகவாதம், குட்டி முதலாளித்துவ விரக்தி என்று ஒரே வரியில் கணக்கு முடித்துவிடவும் தோன்றும். அப்படி முடிப்பது பிழை. தொழிலாளர் கழகம் உடைந்த நான்காண்டுகளுக்குப் பின், அதே நகரின் தெருக்களிலிருந்து எழுந்த குரல் அது. அமைப்பு கலைந்த இடத்தில் சினம் கலைந்துவிடுவதில்லை. பற்றிக்கொள்ள வேறொன்று இல்லாமல் கித்தாரைப் பற்றிக்கொள்கிறது. பிரிட்டனில் இடதுசாரிகள் இதைக் காலத்தே உணர்ந்தனர். 1976-இல் தோன்றிய 'இனவெறிக்கு எதிரான ராக்' இயக்கம் பங்க் குழுக்களையும் கறுப்பின ரெகே கலைஞர்களையும் ஒரே மேடையில் ஏற்றியது. 1978 ஏப்ரலில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை நடந்த பேரணியில் பல பத்தாயிரம் இளைஞர்கள் பாசிஸ்டுகளுக்கு எதிராகத் திரண்டனர். அவர்களில் பலர் அரசியல்வாதிகள் அனைவரையும் வெறுத்துப் பாடிய பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களே.

ஹாக்னி சகோதரர்களுக்கு அத்தகைய மேடை அமையவில்லை. எழுபதுகளின் இறுதியில் அவர்கள் வெர்மான்ட் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, வேறு பெயரில் கிறித்தவச் சாயல் கொண்ட ராக் பாடல்களைப் பதிவு செய்தனர். டேவிட் டெட்ராய்ட்டுக்கே திரும்பிவிட்டார். பாபியும் டேனிஸும் ரெகே குழு ஒன்றில் இணைந்தனர். உலகம் ஒருநாள் இதைத் தேடி வரும் என்று சொல்லி, மூல நாடாக்களைப் பாபியிடம் ஒப்படைத்தார் டேவிட். 2000-ஆம் ஆண்டு நுரையீரல் புற்றுநோய் அவர் உயிரைப் பறித்தது.

தேடி வந்தவர்கள் சேகரிப்பாளர்கள். ஐந்நூறில் எஞ்சிய தட்டுகள் இணையச் சந்தையில் நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறின. 1976-இல் எவரும் வாங்காத பொருள், அரிதாகிவிட்ட காரணத்தாலேயே விலை பெற்றது. பழைய தட்டு மறுவிற்பனையாகும்போது பாடியவருக்கு ஒரு சென்ட் கூடச் சேராது. பாபியின் மகன்களுள் ஒருவர் நண்பர்களிடையே சுழன்றுகொண்டிருந்த அப்பாடலைக் கேட்க நேர்ந்து, அது தன் தந்தையின் குரல் என்று அறிந்தார். தந்தை அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. பரணில் கிடந்த நாடாக்கள் அதன் பிறகே கீழே இறக்கப்பட்டன. மகன்கள் குழு அமைத்து அப்பாடல்களை மேடையேற்றினர். 2012-இல் ஆவணப்படமும் வந்தது. இரு சகோதரர்கள் 2009-இல் 'டெத்' என்ற அதே பெயரில் மீண்டும் மேடையேறியபோது, டேவிடின் கித்தாரை ஏந்தி நின்றவர் அவர்களது ரெகே குழுவின் நண்பர்.