சீனாவுக்குப் போகும் டுரியான்: மண் ஒட்டினால் சிக்கல்

உறைய வைக்காத மலேசிய டுரியானுக்குச் சீனா 2024 ஜூன் மாதம் கதவைத் திறந்தது. அதற்கு முன், சுளை 2011 முதலும் முழுப் பழம் 2019 முதலும் உறைய வைத்தே அனுப்பப்பட்டன. கடுங்குளிரில் பூச்சி பிழைப்பதில்லை. புதிய பழத்திலோ அது உயிரோடு கரை சேரும். சீனாவின் அச்சம் அதுதான்.

அதனால் தோட்டம், பொட்டலமிடும் நிலையம் இரண்டும் பதிவு பெற்றிருக்க வேண்டும். முட்களுக்கிடையே ஒளியும் மாவுப்பூச்சி அகற்றப்பட வேண்டும். பழத்தில் மண்ணோ இலையோ ஒட்டியிருக்கக் கூடாது. சிக்கல் இங்கேதான். தாய்லாந்தில் டுரியானை மரத்திலிருந்தே வெட்டி இறக்குகிறார்கள். முசாங் கிங்கின் பெருமையே தானாகப் பழுத்து விழுவதுதான். விழுந்தால் மண் படும். வலை கட்டலாம், பகாங்கின் சரிவான தோட்டங்களில் அதற்கு ஆளும் பணமும் தேவை. விழுந்த பழம் சில நாட்களே தாங்கும் என்பதால், பரிசோதனை தாமதமானாலே சரக்கு வீணாகிவிடும்.

பெரிய நிறுவனங்கள் சமாளித்துக்கொள்ளும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் பதிவில்லாமல் இடைத்தரகரிடமே விற்பார். ஏற்றுமதி விலை அவர் கைக்கு எட்டுவது சந்தேகமே. டுரியான் விழாக்களுக்குச் செலவிடுவதைவிட, விவசாயத் துறை அதிகாரிகள் தோட்டத்துக்கே சென்று பதிவுக்கு உதவுவது அவருக்குப் பயன்படும்.