ஆறாத புண்: ஒட்டுண்ணியின் இனத்தையும் கண்டறிய வேண்டும்
(பொது சுகாதார அமைப்பின் நிலைப்பாட்டு அறிக்கை)

பௌர்ணமி கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை வருவோரில் கேரளத்தவர், வடமாநிலத்தவர், இலங்கைத் தமிழர் எல்லோரும் உண்டு. அவர்களில் ஒருவரோ, வெளியூரில் வேலை பார்த்துத் திரும்பிய நம்மூர்க்காரரோ மாதக்கணக்கில் ஆறாத புண்ணுடன் மருத்துவமனைக்கு வந்து, லீஷ்மேனியா ஒட்டுண்ணியால் வரும் தோல் லீஷ்மேனியாசிஸ் என்று ஐயம் எழுந்தால், மூலக்கூறுப் பரிசோதனையால் ஒட்டுண்ணியின் இனத்தைக் கண்டறிந்தே ஆக வேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு.

புண்ணின் ஓரத்தைச் சுரண்டிச் சாயமேற்றிப் பார்த்தால், வெள்ளணுக்களுக்குள் முட்டை வடிவ ஒட்டுண்ணிகள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஓர் உட்கரு, பக்கத்தில் சிறு குச்சி போன்ற புள்ளி. லீஷ்மேனியா என்று உறுதிசெய்ய இது போதும். எந்த லீஷ்மேனியா என்று சொல்லப் போதாது. நுண்ணோக்கியில் எல்லா இனமும் ஒன்றுபோலவே இருக்கும்.

ராஜஸ்தானின் பிகானேரில் இப்புண்ணுக்குக் காரணம் லீஷ்மேனியா டிராபிகா. இலங்கையிலும் கேரளத்தின் அகத்தியமலைக் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளிலும் தோல் புண்களில் கிடைத்ததோ லீஷ்மேனியா டோனோவானி. கருங்காய்ச்சலை உண்டாக்கும் இனம் அது. 1903இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அதைக் கண்ட சார்லஸ் டோனோவனின் பெயரைத் தாங்கியது. மண்ணீரலைத் தாக்குவதாக அறியப்பட்ட ஒட்டுண்ணி தோலோடும் நின்றுவிடக்கூடும் என்பது இனம் பிரித்துப் பார்த்ததால்தான் தெளிவானது. டோனோவானி என்று தெரிந்தால், புண் ஆறிய பிறகும் காய்ச்சல், மண்ணீரல் வீக்கம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

எனவே நாங்கள் கோருவது:

1. எடுக்கும் திசுவில் ஒரு பகுதியை எத்தனாலில் வைக்க வேண்டும். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும்.

2. ஒட்டுண்ணி டிஎன்ஏவின் ஐடிஎஸ்-1 பகுதியைப் பிசிஆரில் பெருக்கி, நொதியால் வெட்டிப் பட்டைகளை ஒப்பிடும் சோதனைக்கு, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து தகுந்த ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப நிலையான ஏற்பாடு வேண்டும். காணிக் குடியிருப்புகளில் இந்நோயைப் பரப்பும் மணல் ஈக்களை ஆராய்ந்த ஐசிஎம்ஆர் மையம் பக்கத்துப் புதுச்சேரியிலேயே இருக்கிறது.

3. சோதனைச் செலவு நோயாளியின் தலையில் விழக் கூடாது. முடிவு வரும்வரை சிகிச்சையையும் தள்ளிப்போடக் கூடாது.

4. தொழுநோய், காசநோய்ச் சோதனைகளையும் கூடவே செய்ய வேண்டும். இப்புண்ணை அவற்றோடு குழப்பிக்கொள்வது எளிது.

இந்நோய் நம் மாவட்டத்தில் பரவுகிறது என்று நாங்கள் சொல்லவில்லை. தொட்டாலோ பக்கத்தில் உட்கார்ந்தாலோ இது ஒட்டாது. பெண் மணல் ஈ கடித்தே பரவுகிறது. யாத்ரிகரையோ இலங்கைத் தமிழர் முகாம்வாசிகளையோ ஒதுக்க இது காரணமாகாது.

ஆறாத புண் இருப்பவர்கள் மருந்துக்கடைக் களிம்பைத் தடவி நாளைக் கடத்த வேண்டாம். அரசு மருத்துவமனைத் தோல் நோய்ப் பிரிவுக்கு வாருங்கள். எந்தெந்த ஊரில் தங்கினீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.